வாடகை வீட்டு ரோஜா

(ஓசூரில் வீட்டுத் தோட்ட ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிப்ரவரி பிறந்துவிட்டால் ஓசூரின் பெயர் நாளிதழ்களில் தவறாமல் வந்துவிடும். காதலர் தினத்துக்காக இங்கிருந்து வெளிநாடுகளுக்கு ரோஜா போகிறது என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், பகலில் நல்ல வெயில், இரவில் இதமான குளிர், செம்மண், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. இவ்வளவும் ஒருசேர அமைந்ததால் பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் பசுமைக்குடில்கள் எழுந்தன. அமுதகொண்டபள்ளியில் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியாக டான்ஃப்ளோரா மலர்ப்பூங்கா வந்தது. தளியில் இந்திய, இஸ்ரேல் நாடுகளின் ஒத்துழைப்பில் கொய்மலர் மகத்துவ மையம் அமைந்தது. 'தாஜ்மஹால்' என்ற சிவப்பு ரோஜா இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் நம் வீட்டு வாசலில் நிற்கும் ரோஜாவின் கதை வேறாக இருக்கிறது. செடி பட்டுப்போனால் நர்சரிக்குப் போய் இன்னொன்று வாங்குகிறோம். அதுவும் போனால் மற்றொன்று. இருக்கிற செடியிலிருந்தே இன்னொரு செடியை உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமே பல வீடுகளில் மறைந்துவருகிறது. நம் பாட்டிமார்கள் யாரும் ரோஜாச் செடிக்குப் பணம் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டில் கவாத்து செய்தால் ஒரு குச்சியைக் கேட்டு வாங்கி, கிணற்றடி ஈரத்தில் குத்தி வைத்தார்கள். அது துளிர்த்தது, பூத்தது, அடுத்த வீட்டுக்கும் போனது. அந்தப் பழக்கம் மற்ற ஊர்களைவிட ஓசூருக்குத்தான் அதிகம் தேவை என்பதைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறேன்.

காரணம் இருக்கிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் இந்த ஊர் இன்றைய உருவத்தைப் பெற்றது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அவற்றோடு சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. இந்த அவையிலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு வாடகை வீடு. வேலை மாறினால், பிள்ளையின் பள்ளி மாறினால் வீடும் மாறும். பீரோவும் கட்டிலும் வண்டியில் ஏறும். தரையில் நட்ட ரோஜா ஏறாது. அடுத்து வருகிறவர் அதற்குத் தண்ணீர் விடுவாரா என்பது அவர் மனத்தைப் பொறுத்தது.

சொந்த வீட்டுக்காரர்கள் நிலைமையும் பெரிதாக மாறிவிடவில்லை. பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. பொக்லைன் இயந்திரம் உள்ளே வரும்போது முதலில் அதன் சக்கரத்துக்கு அடியில் போவது வாசலோரச் செடிகள்தான். இரண்டு தலைமுறையாகப் பூத்த பன்னீர் ரோஜா ஒரு முற்பகலில் இல்லாமல் போய்விடும்.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செடியை ஒரே இடத்தில் பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது. பல இடங்களில் இருந்தால்தான் அது பிழைக்கும். நீங்கள் பிறருக்குக் கொடுத்த குச்சிதான், உங்கள் செடி அழிந்த நாளில் உங்களிடமே திரும்பி வரும்.

விதை தராததைக் கிளை தரும்

ரோஜாவை ஏன் விதையிலிருந்து வளர்ப்பதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. ரோஜா காய்க்கும், விதையும் முளைக்கும். ஆனால் அப்படி முளைக்கிற செடி தாயைப்போல் இருக்காது. இன்று நாம் வளர்க்கும் ரோஜாக்கள் பல இனங்கள் பல தலைமுறையாகக் கலந்து பிறந்தவை. விதையில் அந்தக் கலப்பு புதிதாகக் குலுக்கப்படும். நிறம் மாறும், மணம் போகும், அடுக்கு குறையும். கிளையிலிருந்து உண்டாகும் செடியில் எதுவும் மாறாது. அது தாயின் மகள் அல்ல, தாயேதான். உலகத்தில் எங்கெங்கோ நிற்கும் ஒரே வகை ரோஜாச் செடிகள் எல்லாம், எப்போதோ ஓரிடத்தில் முளைத்த ஒற்றைச் செடியின் நீட்சிகளே.

நாம் பன்னீர் ரோஜா என்று சொல்லும் எட்வர்ட் ரோஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியலார் அதை பூர்பன் ரோஜா என்ற வகையில் சேர்க்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அன்று பூர்பன் தீவு என்று பெயர். அங்கே தோட்டங்களுக்கு ரோஜாவால் வேலி போடுவது வழக்கம். அந்த வேலிகளில் மேற்கிலிருந்து வந்த டமாஸ்க் ரோஜாவும், கிழக்கிலிருந்து வந்த சீன ரோஜாவும் அருகருகே நின்றன. இரண்டுக்கும் இயற்கையாகவே கலப்பு நேர்ந்து ஒரு புதுச்செடி பிறந்தது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரேயோன் அதைக் கவனித்தார். 1819 அளவில் அதன் விதைகள் பிரான்சுக்குப் போய், ஆர்லியன்ஸ் கோமகனின் தோட்டக்காரர் ழாக் என்பவரின் கையில் ஒரு புதிய ரோஜாக் குடும்பமே உருவானது. தீவில் பிறந்த அந்த மூலச்செடியோ குச்சி குச்சியாகவே இந்தியாவெங்கும் பரவியது. டமாஸ்கின் மணமும், சீன ரோஜாவின் ஆண்டு முழுவதும் பூக்கும் குணமும் அதில் சேர்ந்திருக்கின்றன. மாலை கட்டவும், குல்கந்து செய்யவும், ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகவும் இங்கே அது இருநூறு ஆண்டுகளாகப் பயன்பட்டுவருகிறது. இவ்வளவு தூரமும் அது வந்தது கைமாறிக் கைமாறித்தான்.

இன்னொரு ரோஜாவின் கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சைச் சேர்ந்த பிரான்சிஸ் மெய்யான் 1930-களில் மஞ்சளில் இளஞ்சிவப்பு விளிம்பு படர்ந்த ஒரு ரோஜாவை உருவாக்கினார். 1939-இல் போர் நெருங்கியபோது அதன் மொட்டுக் குச்சிகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார். பிறகு எல்லைகள் அடைபட்டன. எந்தப் பொட்டலம் பிழைத்தது என்று அவருக்கே தெரியாத ஆண்டுகள் அவை. எல்லாம் பிழைத்திருந்தன. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயரில் அது பூத்தது. பெர்லின் வீழ்ந்துகொண்டிருந்த 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவில் அதற்கு 'பீஸ்', அதாவது அமைதி என்று பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையை உருவாக்க சான்பிரான்சிஸ்கோவில் கூடிய நாடுகளின் குழுத் தலைவர்களுக்கு அந்த ரோஜா ஒவ்வொன்றாக வழங்கப்பட்டது. ஒரே தோட்டத்தில் மட்டும் வைத்திருந்தால் அது போரோடு போயிருக்கக்கூடும். பல கைகளுக்குக் கொடுத்ததால் நின்றது.

குச்சி நடும் முறை

இனி செய்முறைக்கு வருகிறேன். எளிதானது குச்சி நடுவது. பன்னீர் ரோஜா, ஆந்திரச் சிவப்பு ரோஜா, பட்டன் ரோஜா, கொடி ரோஜா ஆகியவை குச்சியில் நன்றாக வரும்.

எந்தக் கிளையை எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. இளசாகச் சிவந்திருக்கும் கொழுந்து அழுகிவிடும். மரமாகிப்போன பழைய தண்டு வேர்விடத் தயங்கும். பூத்து உதிர்ந்து சில நாளான கிளை, பென்சில் பருமன், முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்' என்று உடைந்து வரவேண்டும். அதுதான் பக்குவம். 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்டுங்கள். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலாகவும் வெட்டு விழவேண்டும். கீழ் இலைகளை நீக்கிவிட்டு, உச்சியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். இலை முழுவதும் இருந்தால் வேரில்லாத தண்டிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறும். இலையே இல்லாவிட்டால் வேருக்கு வேண்டிய உணவு கிடைக்காது.

கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஒருமுறை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். கரும்புள்ளியும் சாம்பல் நோயும் உள்ள செடியில் குச்சி எடுக்காதீர்கள். தாயின் நல்ல குணங்களோடு, அதன் உடம்பில் இருக்கும் நோயும் சேர்ந்தே வந்துவிடும்.

வெட்டிய தண்டு ஏன் வேர்விடுகிறது? கிளையின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும். தண்டை வெட்டிவிட்டால் போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும். பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்த்திசு அதனால் தூண்டப்பட்டு, தண்டாக வேண்டிய செல்கள் வேராக மாறும். 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிறுவனத்தில் சிம்மர்மன், வில்காக்சன் என்ற இரு விஞ்ஞானிகள், இண்டோல் பியூட்டிரிக் அமிலம் இந்த வேலையை வேகப்படுத்தும் என்று காட்டினார்கள். இன்று உரக்கடையில் 'ரூட்டிங் ஹார்மோன்' என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளைப் பவுடரில் இருப்பது அதுதான். குச்சியின் அடியை நனைத்து, பவுடரில் தொட்டு, அதிகமாக ஒட்டியதைத் தட்டிவிட்டு நடுங்கள். பன்னீர் ரோஜாவுக்கு இதுகூடத் தேவையில்லை, தானாகவே வேர்விடும். கீழ்நுனி எப்போதும் கீழேயே இருக்க வேண்டும். தலைகீழாக நட்ட குச்சி பிழைக்காது.

நடுவதற்குத் தோட்டத்து மண் வேண்டாம். நம் செம்மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் காற்றை அடைக்கும். தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு போதும். ஆற்று மணல் கிடைக்காத இந்த நாளில் எம்-சாண்ட் போடலாம். ஆனால் அதில் இருக்கும் கல்மாவு போகும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். அந்த மாவுதான் அடியில் படிந்து தண்ணீரைத் தேக்கும். நார்க்கழிவையும் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

ஒரு குச்சியால் முதலில் துளைபோட்டு, பிறகு ரோஜாத் தண்டை அதில் இறக்குங்கள். நேராகக் குத்தினால் பவுடர் வழித்துக்கொண்டு போய்விடும். இரண்டு கணு மண்ணுக்குள், மற்றவை வெளியே. அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலால் மூடுங்கள். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். மூடியைக் காலையில் சற்றுநேரம் திறந்து காற்றுப் போக விடுங்கள்.

இதற்கடுத்து வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். பத்துப் பதினைந்து நாளில் கணுவில் சிவப்பாகத் துளிர் வரும். 'பிடித்துவிட்டது' என்று மகிழ்ந்து வெயிலில் தூக்கி வைத்துவிடுவோம். மூன்று நாளில் கருகிவிடும். அந்தத் துளிர், தண்டில் சேமிப்பாக இருந்த உணவைக் கொண்டு வந்தது. வேர் அப்போது தொடங்கியிருக்கவே மாட்டாது. வேர்விட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பிடுங்கிப் பார்க்காதீர்கள், உள்ளே அரும்பியிருக்கும் வேர் ஒடிந்துவிடும். ஓட்டை போட்ட, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டம்ளரில் நட்டு, அதை வேறொரு டம்ளருக்குள் இறக்கி வையுங்கள். வேண்டும்போது வெளியே எடுத்துச் சுவரோரம் வெள்ளை வேர் ஓடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தண்டு அடியிலிருந்து கறுத்துக்கொண்டு மேலேறினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அதை எடுத்துப் போட்டுவிட்டு, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

பருவம் பார்த்துச் செய்யுங்கள். தென்மேற்குப் பருவமழை நம் பகுதியில் இறங்கியபின், காற்றில் ஈரம் இருக்கும் மாதங்கள் உகந்தவை. அக்டோபரில் கவாத்து செய்யும்போது வெட்டி எறியும் கிளைகளையும் வீணாக்க வேண்டாம். மார்ச்சிலிருந்து மே வரை அடிக்கும் வறண்ட காற்றில் மட்டும் முயலாதீர்கள்.

பதியனும் விண்பதியனும்

குச்சியில் தோல்வி கண்டவர்களுக்குப் பதியன் கைகொடுக்கும். இதில் கிளை தாயிடமிருந்து பால் குடித்துக்கொண்டே வேர்விடுகிறது, அதனால் ஆபத்து குறைவு. தாழ்வாக இருக்கும் கிளையை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் கணுவுக்குக் கீழ் ஒரு சாய்வு வெட்டுப் போட்டு, வெட்டு மூடாதபடி ஒரு சிறு குச்சியைச் சொருகி, அந்தப் பகுதியை மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்திருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்திருக்கும். ஒரே வீச்சில் துண்டிக்காமல், முதல் வாரம் பாதி, அடுத்த வாரம் மீதி என்று வெட்டினால் புதுச்செடி அதிர்ச்சியடையாது.

கிளை வளையாவிட்டால் விண்பதியன். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பென்சில் பருமனுள்ள, நிமிர்ந்த கிளையில் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சுற்றிலும் பட்டையில் ஒரு கீறல், இரண்டரை சென்டிமீட்டர் கீழே இன்னொரு கீறல், இரண்டையும் இணைத்து நெடுக்கில் ஒன்று. நகத்தால் நெம்பினால் பட்டை மோதிரமாகக் கழன்று வரும். உள்ளே தண்டு வெளிர்பச்சையாக, வழவழப்பாகத் தெரியும். அந்த வழவழப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அதுவே மறுபடி பட்டையாக வளர்ந்து வெட்டை மூடிவிடும், வேர் வராது. மேல் விளிம்பில் பவுடரைத் தடவி, பிழிந்த நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனையிலும் இறுக்கிக் கட்டுங்கள். வெயில் படும் இடமென்றால் மேலே செய்தித்தாளையும் சுற்றிவிடுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். வேரிலிருந்து நீரை ஏற்றும் குழாய்கள் மரப்பகுதியில் இருக்கின்றன. அவற்றை நாம் தொடவில்லை. அதனால் இலைகள் வாடுவதில்லை. இலை தயாரித்த சர்க்கரையும் ஆக்சினும் பட்டை வழியாக இறங்கும், அந்த வழி மட்டும் அறுபட்டிருக்கிறது. இரண்டும் மேல் விளிம்பில் தேங்கி, ஆறு வாரத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் சுற்றியிருப்பது தெரியும். அப்போது கட்டுக்குக் கீழே வெட்டி, தாளைப் பிரித்துத் தொட்டியில் வையுங்கள்.

ஒட்டும் வேர்ச்செடியும்

பசுமைக்குடிலில் வளரும் பெரிய பூ ரோஜாக்களின் குச்சியை நட்டால் வேர்விடாது என்பதில்லை. ஆனால் சொந்த வேரில் அவை நெடுநாள் வீரியமாக நிற்பது அரிது. ஆகவே வலுவான ஒரு வேர்ச்செடியில் அவற்றின் கண்ணை ஒட்டுகிறார்கள். பசுமைக்குடில்களில் 'நேட்டல் பிரையர்' என்ற வேர்ச்செடி பரவலாகப் பயன்படுகிறது. வீட்டில் பன்னீர் ரோஜாவே போதும்.

வேர்ச்செடியின் பட்டையில் ஆங்கில 'டி' வடிவத்தில் கீறி, விரும்பிய ரோஜாவிலிருந்து இலைக்காம்போடு கூடிய ஒரு கண்ணைக் கேடயம்போல் சீவி, அந்தக் காம்பையே பிடியாகக் கொண்டு கீறலுக்குள் இறக்கி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் கட்ட வேண்டும். மூன்று வாரத்தில் காம்பைத் தொட்டால் உதிர்ந்து விழவேண்டும். விழுந்தால் கண் பிடித்துவிட்டது, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை.

கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, போச்சம்பள்ளி அருகே சந்தூரில் மா ஒட்டுச்செடிகளை உருவாக்குவதையே வாழ்வாகக் கொண்ட நர்சரிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாம்பழத்தின் பெருமைக்குப் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன. பார்த்துக் கற்கும் தொழில் இது. போய்ச் சிறிதுநேரம் நின்று பாருங்கள்.

'வாங்கும்போது சிவப்பு, இப்போது வேறு நிறத்தில் பூக்கிறது' என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. ரோஜா மாறவில்லை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி கிளைத்து, மேலிருந்த நல்ல ரோஜாவைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டது. ஒட்டின் முடிச்சுக்குக் கீழே எந்தக் கிளை வந்தாலும் அடியோடு கிள்ளிவிடுங்கள்.

பூங்கொத்தில் வந்த ரோஜாவை நட்டால் வருமா என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் வராது. அவை குளிர்கிடங்கில் இருந்து, பதப்படுத்தும் நீரைக் குடித்து வந்தவை. ஆனால் வரவே வராது என்று சொல்லவும் முடியாது. தன் நாட்டுக்கு வரும் ரோஜாத் தண்டுகளைக் களைக்கொல்லியில் நனைத்து, முளைக்காதபடி செய்த பிறகே அனுப்ப வேண்டும் என்று ஆஸ்திரேலியா விதி வைத்திருக்கிறது. நோய் நுழைந்துவிடக் கூடாதே என்ற அச்சம். வெட்டிய ஒரு தண்டுக்குள் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதற்கு அந்த விதியே சாட்சி.

ஒரு சட்டச் செய்தியையும் சொல்ல வேண்டும். 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற புதிய இரகங்களைப் பெருக்கி வணிகம் செய்ய, உருவாக்கியவரின் அனுமதி வேண்டும். ஒரு ரோஜாவை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பு தேவைப்படுகிறது, அதை மதிப்பது நம் கடமை. பன்னீர் ரோஜா, ஆந்திரச் சிவப்பு போன்ற பழைய வகைகளுக்கு அப்படிப்பட்ட தனியுரிமை எதுவும் இல்லை. அவை நம் எல்லோருக்கும் பொதுச்சொத்து. பொதுச்சொத்தாக இருப்பதாலேயே அவற்றைக் காப்பாற்ற எந்த நிறுவனமும் வராது. சந்தைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பசுமைக்குடிலில் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு நடுவார்கள், அது அவர்கள் பிழைப்பு. பழையதைக் காக்க வீட்டுத் தோட்டம் ஒன்றுதான் இருக்கிறது.

அசேலியா வைத்திருப்பவர்களுக்கு

ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வந்து, அங்கே பூத்துக் குலுங்கும் அசேலியாவை இங்கேயும் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். பெங்களூரு நர்சரிகளில் தொட்டியோடு வாங்கி வந்தவர்களும் இருப்பீர்கள். அசேலியா, ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்தது. நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசுக்கு உறவுக்காரி. அதற்குப் புளிப்பான மண் வேண்டும், கார அமிலநிலை 4.5 முதல் 5.5 வரை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பும் சுண்ணமும் கலந்த கடின நீர். அதைத் தொடர்ந்து ஊற்றினால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலையின் மற்ற இடமெல்லாம் மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாத நிலை அது. அசேலியாவைத் தரையில் நடாதீர்கள். நார்க்கழிவும் இலைமட்கும் கலந்த தொட்டியில், சேமித்த மழைநீரை ஊற்றி, மதிய வெயில் படாத இடத்தில் வளருங்கள்.

அதைப் பெருக்கப் பதியனே பாதுகாப்பான வழி. தாழ்ந்த கிளையைப் பக்கத்துத் தொட்டியில் பதித்துவிட்டுப் பல மாதம் காத்திருக்க வேண்டும். குச்சி வேண்டுமென்றால் பூ முடிந்தபின் வரும் புதுக்கிளை பாதி முற்றியதும், ஒரு விரல் நீளத்தில் எடுத்து, பவுடர் தொட்டு, மூடிய ஈரத்தில் வையுங்கள். வேர் மயிரிழைபோல் மெல்லியதாக இருக்கும், காய்ந்தால் மீளாது.

ரோஜாவையும் அசேலியாவையும் இணைக்கும் ஒரு தமிழ்நாட்டுச் செய்தி உண்டு. தாவர மரபியல் அறிஞர் ஜானகி அம்மாள் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் பணியாற்றிய காலத்தில் ரோடோடென்ட்ரான்களின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். தன் இறுதிக்காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் மூலிகைகளோடு வாழ்ந்தார். கொடைக்கானலில் இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு, நம் வெப்பத்தைத் தாங்கும் புது ரோஜாக்களை உருவாக்கிய வீரராகவன், கிரிஜா தம்பதியர், தாங்கள் படைத்த ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார்கள். அந்த ரோஜா நிலைத்திருக்க வேண்டுமானாலும் ஒரே வழிதான்: குச்சியாகவும் கண்ணாகவும் அது தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும்.

எடுத்துச் செல்லுங்கள், கொடுத்துச் செல்லுங்கள்

வீடு மாறப்போகிறீர்கள் என்று தெரிந்தால் மூன்று மாதம் முன்பே விண்பதியன் கட்டிவிடுங்கள். அவகாசம் இல்லையா, கிளம்பும் நாள் விடியற்காலையில் குச்சிகளை வெட்டுங்கள். தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். செய்தித்தாளை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, கைப்பையில் நிழலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தாங்கும். திருநெல்வேலிக்கும் போகும், பாட்னாவுக்கும் போகும். இங்கே மூன்று ஆண்டு வாழ்ந்த உங்கள் குழந்தைக்கு, அங்கே போய்ப் பூக்கும் அந்தச் செடி இந்த ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. இந்த மழைக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற ஒரு பழைய செடியிலிருந்து ஐந்து குச்சி நடுங்கள். மூன்று பிழைத்தால் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைக் கொடுங்கள். ஒன்று உங்கள் தெருவில் மாடி வீட்டுக்காரருக்கு. மற்றொன்று தூரத்தில் இருப்பவருக்கு, அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் இருக்கும் நண்பருக்கோ, ஊரில் இருக்கும் அக்காவுக்கோ. யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு நட்டது என்று ஒரு சீட்டு எழுதித் தொட்டியில் சொருகுங்கள். வாங்கியவரிடமும் அதையே செய்யச் சொல்லுங்கள். ஆலைகளைக் கட்டி வளர்ந்த ஊர் இது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிய ஒரு காரணம் வேண்டும். 'உங்கள் வீட்டு ரோஜாவில் ஒரு குச்சி தருவீர்களா?' என்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலையிலேயே தட்டுங்கள்.